கோல்கீப்பர் காலில் ஒரு கொள்கை

2024 மே 11 அன்று பர்ன்லி அணி பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்குவது உறுதியானது. மொத்தம் 38 ஆட்டங்களில் 24 புள்ளி. வாங்கிய கோல் 78. அந்த மாதம் முடிவதற்குள் அதன் பயிற்சியாளர் வின்சென்ட் கொம்பனியை பேயர்ன் மியூனிக் அழைத்துக்கொண்டது. இது என்ன கூத்து என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: தோற்றாலும் அவர் தன் பாணியை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மே மாதம் பேயர்ன் ஜெர்மன் பட்டத்தை வென்றதும், பார்த்தீர்களா என்றார்கள். பார்த்தோம். ஆனால் அதில் நிரூபணமானது அவர்கள் சொல்வதற்கு நேர் எதிரான ஒன்று.

கோல்கீப்பர் பந்தைத் தூக்கி உதைக்காமல், பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்கே தட்டி, அங்கிருந்து குட்டிக்குட்டிப் பாஸ்களாக ஆட்டத்தை மேலே கொண்டுபோகும் முறைதான் அந்தப் பாணி. இதற்குப் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதிரணியை நம் கோல் வரை இழுத்துவிட்டால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். கோல்கீப்பரும் பாஸ் போடத் தெரிந்தவராக இருந்தால் நம் பதினொருவரை அவர்களின் பத்துப் பேர் மட்டுமே துரத்த முடியும். கோல்கிக் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டியாக வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டபின் வழி இன்னும் எளிதானது. பயிற்சியாளர் டி செர்பியின் பிரைட்டனில் டிஃபெண்டர்கள் பந்தை மிதித்துக்கொண்டு, வா பார்க்கலாம் என்று நின்ற அழகே தனி. 2022-23இல் ஆறாம் இடம் பிடித்தார்கள். சார்லஸ் ரீப்பின் புள்ளிவிவரத்தை நம்பி இங்கிலாந்தில் பந்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் ஒரு கணக்கு. நடு மைதானத்தில் பந்தை இழந்தால் திரும்பி ஓட நேரமிருக்கும். சொந்தப் பெனால்டி பகுதியில் இழந்தால் அநேகமாக கோல்தான். இந்த ஆபத்து எல்லா அணிக்கும் பொது. ஆனால் கோடீஸ்வரன் தொலைக்கும் ஆயிரமும் தினக்கூலிக்காரன் தொலைக்கும் ஆயிரமும் ஒன்றல்ல.

இந்தப் பாணியின் ஸ்தல புராணம் 2011 டிசம்பரில், மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானத்தில் நடந்தது. பார்சிலோனா கோல்கீப்பர் விக்டர் வால்டெஸ் தவறாகப் போட்ட பாஸ், ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்துக்குள் எதிரணி வீரர் பென்ஸிமாவின் கோலாக முடிந்தது. அதன்பிறகும் வால்டெஸ் குட்டிப் பாஸ்களை நிறுத்தவில்லை. பார்சிலோனா 3-1 என்று வென்றது. பயிற்சி வகுப்புகளில் இன்றும் நெஞ்சு விம்மச் சொல்லப்படும் கதை. அந்தப் பாஸ்களை வாங்கிக்கொள்ள சாவியும் இனியெஸ்டாவும் புஸ்கெட்ஸும் நின்றார்கள், முன்னே மெஸ்ஸி இருந்தார் என்பதைக் கதைசொல்லிகள் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோல் கொடுத்து மூன்று கோல் எடுக்கத் தெம்புள்ளவர்களுக்கு அது முதலீடு. ஒரு கோல் அடிக்கவே மூன்று ஆட்டம் காத்திருக்கும் அணிக்கு?

சவுத்தாம்ப்டனைப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டில் பருவத்தின் முதல் ஆட்டமே நியூகாஸிலுடன். எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். பந்து பெரும்பாலும் சவுத்தாம்ப்டனிடமே இருந்தது. கோல்கீப்பர் மெக்கார்த்தி தன் எல்லைக்குள் நெருக்கடியில் போட்ட பாஸ் வழிதவற, ஜோலிண்டன் கோலடித்தார். பத்துப் பேரிடம் 0-1 தோல்வி. அன்றே கணக்கைத் திருத்தியிருக்கலாம். பயிற்சியாளர் ரசல் மார்ட்டின் திருத்தவில்லை. டிசம்பரில் டாட்டன்ஹாமிடம் இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கிய இரவில் அவர் வேலை போயிற்று. அணி மொத்தம் 12 புள்ளியோடு இறங்கியது. லீக் வரலாற்றிலேயே அதைவிடக் குறைவாக எடுத்தது டெர்பி மட்டும்தான், 11. சில மாதங்களில் மார்ட்டினுக்கு ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதவைத் திறந்தது. அங்கேயும் அக்டோபரைத் தாண்டவில்லை.

எனக்கு நெடுங்காலமாக உறுத்துவது இங்கேதான். கணக்காகத் தொடங்கிய ஒன்று ஒழுக்கமாகிவிட்டது. ஜெயித்தால் கொள்கை ஜெயித்தது. தோற்றால் வீரர்கள் இன்னும் பக்குவப்படவில்லை. எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத ஒன்றுக்கு ஆட்ட உத்தி என்று பெயர் சொல்லக்கூடாது. பந்தை நீளமாக உதைப்பவன் கோழை, தன் கோலருகே தொலைப்பவன் துணிச்சல்காரன் என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள். அப்படியானால் 2025 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பிஎஸ்ஜி செய்ததை என்னவென்பது? ஐரோப்பாவிலேயே அழகாகப் பாஸ் போடும் அணி, முதல் விசிலோடு பந்தை வேண்டுமென்றே எதிரணியின் மூலையருகே வெளியே உதைத்தது. த்ரோவை நீயே போடு, உன் கோலருகே வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்ற கணக்கு. 5-0 வெற்றி. அதைக் கோழைத்தனம் என்று ஒருவரும் சொல்லக் காணோம்.

பயிற்சியாளரின் இந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பவரோ கோல்கீப்பர். பர்ன்லியின் கோல்கீப்பர் ஜேம்ஸ் ட்ராஃபர்ட், 2023இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் பெனால்டியைத் தடுத்து இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கொம்பனியிடம் ஒரு பருவம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 2024 மார்ச்சில் வெளியே உட்கார்த்தப்பட்டார். அவருக்குப் பதில் வந்த முரிச், ஏப்ரலில் எவர்ட்டனுக்கு எதிராக உதைத்த பந்து எதிரே பாய்ந்து வந்த கால்வர்ட்-லூவின் மேல் பட்டு கோலாயிற்று. 0-1. அடுத்த வாரம் பிரைட்டனுடன், சக வீரர் திருப்பித் தந்த பந்து அவர் காலடியில் நழுவித் தன் வலைக்குள்ளேயே உருண்டது. 1-1. ஆள் மாறினார், விபத்து மாறவில்லை. அடுத்த மாதம் பயிற்சியாளர் மியூனிக்கில், கோல்கீப்பர் நொய்யருக்கு முன்னால், விலை உயர்ந்த டிஃபெண்டர்களை வைத்துக்கொண்டு அதே பாடத்தை நடத்தப் போய்விட்டார். பேயர்னின் பட்டம் நிரூபித்தது இதைத்தான்: இந்தப் பாடம் படித்து முடித்தவர்களுக்கானது.

பர்ன்லிக்கு ஸ்காட் பார்க்கர் வந்தார். இரண்டாம் நிலை லீகில் ட்ராஃபர்டை மறுபடி கோலில் நிறுத்தி, ஆபத்தில்லாமல், கட்டுக்கோப்பாக ஆடவைத்தார். கோலில்லா டிராக்கள் ஏராளம். சகிக்க முடியாத அலுப்பு என்று சொந்த ரசிகர்களே சலித்துக்கொண்டார்கள். அவர்கள் சலிப்பு நியாயமானதுதான். 46 ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல் 16. 100 புள்ளியோடு மேலே ஏறியது. தரமற்றவர் என்று ஓரங்கட்டப்பட்ட அதே கோல்கீப்பர்தான்.

அந்த நற்பெயரோடு 2025 கோடையில் ட்ராஃபர்ட் தன்னை வளர்த்த மான்செஸ்டர் சிட்டிக்கே திரும்பினார், இந்தப் பாணியின் தலைமைப் பீடத்துக்கு. ஆகஸ்டில் டாட்டன்ஹாமுடன், தன் எல்லைக்குள் பக்கத்திலிருந்தவருக்கு அவர் தட்டிய பாஸ் பறிபோய், பாலினியா கோலடித்தார். சிட்டி 0-2 என்று தோற்றது. சில நாட்களில் சிட்டியின் பயிற்சியாளர் குவார்டியோலா புதிய கோல்கீப்பரை வாங்கினார். வந்தவர் டொன்னாரும்மா: கையால் தடுப்பதில் உலகின் முதல் வரிசை, காலால் பாஸ் போடுவதில் பலவீனம் என்று பெயரெடுத்தவர். ட்ராஃபர்ட் மறுபடி பெஞ்சுக்குப் போனார்.