அச்சத்தின் ஆட்சியில் சொல்: பியோலின் நாவல் பற்றிய ஓர் ஆய்வு

ஹைன்ரிஷ் பியோல் 1972ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற செருமானிய எழுத்தாளர். அவர் 1974இல் வெளியிட்ட சிறு நாவல் 'காத்தரீனா புளூமின் இழந்த மானம்' என்று பொருள்படும் பெயருடையது. செய்தித்தாள்களின் இழிபோக்கைச் சாடும் அங்கதம் என அதனைக் கூறுவார் பலர். வன்முறையாளர்க்குப் பரிந்தெழுந்த நூல் எனப் பழித்தாரும் அந்நாளில் உளர். இவ்விரு கருத்தும் நூலின் புறத்தையே தொடுகின்றன என்பது எம் துணிபு. பயங்கரவாதம் பற்றிய அச்சம் ஒரு மக்களாட்சி நாட்டில் தனிமனிதரின் உரிமையை எங்ஙனம் அரிக்கின்றது என்பதே நூலின் பொருள். அவ்வரிப்புச் சட்டத்துக்கு முன்னரே சொல்லில் தொடங்கிவிடுகின்றது என்று பியோல் காட்டுவதனை ஈண்டு ஆராய்வாம்.

அந்நாளைய மேற்கு செருமனியின் அச்சம் வெற்றச்சம் அன்று. செம்படைப் பிரிவு என்னும் குழு 1970 முதல் வங்கிக் கொள்ளையும் குண்டுவெடிப்பும் கொலையும் நிகழ்த்தியது. 1998இல் தன்னைக் கலைத்துக்கொண்டதாக அது அறிவிக்குமுன் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். 1971 இறுதியில் ஒரு வங்கிக் கொள்ளையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். விசாரணை முடியுமுன்பே அஃது அக்குழுவின் செயல் எனப் 'பில்ட்' நாளிதழ் தலைப்பிட்டது. அதனைக் கண்டித்துப் பியோல் 1972 சனவரியில் 'டெர் ஷ்பீகல்' இதழில் எழுதினார். பின்னாளில் அக்குழுவினர் சிலர் அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர் என்பதனையும் மறைத்தல் கூடாது. எனினும், தீர்ப்புக்கு முன் வழங்கும் தீர்ப்பு, பின்னர் மெய்யாகிவிடினும் முறையாகாது. விளைவு யாது? பியோலே வன்முறையின் பரிவாளர் எனத் தூற்றப்பட்டார். அவ்வாண்டு சூன் திங்களில் அவருடைய நாட்டுப்புற வீடு காவல்துறையினரால் சோதனையிடப்பட்டது.

நாவலின் கதை எளிது. காத்தரீனா இருபத்தேழு வயதினள். வீட்டு வேலை செய்து நேர்மையாக வாழ்பவள். 1974 பிப்ரவரி 20ஆம் நாள் ஒரு விருந்தில் லுத்விக் கெட்டன் என்பானைக் கண்டு காதல் கொள்கின்றாள். அவன் காவலரால் தேடப்படுபவன். மறுநாள் அவள் வீட்டைக் காவலர் உடைத்துப் புகுகின்றனர், அவன் அங்கில்லை. அன்று முதல் விசாரணையும் நாளிதழும் அவளைச் சூழ்ந்துகொள்கின்றன. 24ஆம் நாள், தன்னைப் பற்றி எழுதிய செய்தியாளனை அவள் சுட்டுக் கொல்கின்றாள். கெட்டனோ, படையிலிருந்து பணத்தோடு ஓடிய ஒருவனேயன்றிக் கொலைஞன் அல்லன் எனப் பின்னர்த் தெரிய வருகின்றது.

இந்நூலில் யாம் பெரிதும் வியப்பது வாக்குமூலம் எழுதப்படும் பகுதியாகும். ஆடவர் சிலர் தன்னை அத்துமீறி நெருங்கினர் என்று அவள் கூறுகின்றாள். எழுதுவோரோ, அவர்கள் கனிவோடு நெருங்கினர் எனப் பதிகின்றனர். அவள் கையொப்பமிட மறுக்கின்றாள். கனிவு இருவர்பாலும் நிகழ்வது, அத்துமீறல் ஒருதலையானது என்று அவள் பொருள் வேறுபாடு காட்டுமிடம், உரையாசிரியர் சொல்லாராய்ச்சி போல நமக்கு இனிக்கும். ஆயின் ஆங்கு ஒரு பெண்ணின் வாழ்வே அச்சொல்லில் தொங்குகின்றது. ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் வாதிடும் அவளைக் கண்டு அதிகாரிகள் சலிப்புறுகின்றனர்.

நாளிதழ் செய்வது இதனினும் கொடிது. அவளை அறிவும் நிதானமும் உடையவள் என்று அவளுக்கு வேலை தந்த வழக்கறிஞர் கூற, கல்நெஞ்சும் கணக்குப் பார்க்கும் இயல்பும் உடையவள் என அச்சாகின்றது. நோயுற்ற தாய், ஏன் இவ்வாறு ஆயிற்று என்று வினவுகின்றாள். இவ்வாறுதான் ஆகும் என்று அவள் கூறியதாகச் செய்தி வருகின்றது. வினா தேற்றமாயிற்று! தமிழில் வினாவுக்கும் தேற்றத்துக்கும் ஏகாரம் ஒன்றே வருமாயினும், இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றோம். அச்சமுற்ற வாசகர் இடம் நோக்குவதில்லை.

நம் இலக்கியத்திலும் இதற்கு இணையான காட்சி ஒன்று உண்டு. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கோவலன் கொலைக்குரியன் அல்லன் என அவன் தோற்றம் கண்டே காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரித்து அவர்களை அச்சுறுத்துகின்றான். மழை இருளில் தன் வாளையே பறித்து மறைந்த கள்வனைப் பற்றி ஓர் இளங்காவலன் கூறுகின்றான். அரசன் ஒறுப்பான் என்ற அச்சமும் உடன் சேர்கின்றது. இறுதியில் கல்லாக் குடியன் ஒருவன் வாளை வீசுகின்றான். உரையாடல் முழுதும் கள்வர் என்னும் இனத்தைப் பற்றியதே. எதிரே நிற்கும் ஒருவனை எவரும் வினவவில்லை. முடியாட்சி மதுரையில் இது நேர்ந்ததில் வியப்பில்லை. உரிமைகளை அரசியலமைப்பில் எழுதிவைத்த நாட்டிலும் 'பரிவாளர்' என்னும் ஓரினப்பெயர் அதே தொழிலைச் செய்தமையே நாம் எண்ணற்பாலது.

சொல்லில் நேர்ந்தது சட்டத்திலும் நேர்ந்தது. 1972 சனவரி 28இல் தலைமை அமைச்சர் வில்லி பிராண்டும் மாநில முதலமைச்சர்களும், அரசியல் தீவிரர் எனக் கருதப்படுவோரை அரசுப்பணியினின்று விலக்கும் ஆணைக்கு உடன்பட்டனர். 1977இல் ஷ்லையர் என்னும் தொழிலதிபர் கடத்தப்பட்ட சில வாரங்களுக்குள், பயங்கரவாதக் கைதிகள் தம் வழக்கறிஞரையும் காணவொட்டாது தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் என்பதற்காகப் பணிநீக்கப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், அச்செயல் கருத்துரிமையையும் கூட்டுரிமையையும் மீறியது என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995ஆம் ஆண்டிலேதான்.

நூலில் குறையும் உண்டு. செய்தியாளனாகிய டெட்கஸ் முற்றிலும் தீயவனாகப் படைக்கப்பட்டிருக்கின்றான். அவனை வெறுப்பது வாசகர்க்கு மிக எளிதாகிவிடுகின்றது. அவன் எழுதியதை விரும்பிப் படித்து, அவளுக்கு வசைமடல் விடுத்த முகமற்ற மக்களே அவனினும் அஞ்சத்தக்கவர். அவர்களைப் பியோல் விரைந்து கடந்துவிட்டார்.

1975இல் ஷ்லென்டோர்ஃபும் ஃபான் டிரோட்டாவும் இயக்கிய திரைப்படம், செய்தியாளனின் இறுதிச்சடங்கில் பத்திரிகை உரிமை பற்றி முழங்கும் உரையோடு முடிகின்றது. அரங்கில் கைதட்டல் பெறும் முடிவு அது. யாம் நாவலின் முடிவையே சிறந்ததாகக் கொள்கின்றோம். ஆங்குக் கொலை நிகழ்ந்தவாற்றைக் காத்தரீனாவே தன் வழக்கறிஞரிடம் கூறுகின்றாள். திருத்துவார் எவருமின்றி அவள் சொற்கள் நெடிது தொடர்வது நூலில் அவ்வொரு முறையே; அப்போது அவள் சிறையில் இருக்கின்றாள்.