தோன்றா எழுவாய்

‘காடு எரிந்தது’ என்பதற்கும் ‘காட்டை எரித்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இலக்கண வகுப்பில் இது ஐந்து நிமிடப் பாடம். ஆயினும், ஆண்டுதோறும் ஆசியாவின் இரு பெரும் பிரதேசங்களைப் புகை மூடும்போது எழுதப்படும் செய்திகளையும் அரச அறிக்கைகளையும் உடன்படிக்கைகளையும் எடுத்துவைத்து, அவற்றின் வினைச்சொற்களை மாத்திரம் ஒருவர் ஆராய்வாராயின், அந்த ஐந்து நிமிடப் பாடம் அரசியற் பாடமாக விரிவதைக் காண்பார். சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் காடு எரிகிறது. பஞ்சாப்பிலோ விவசாயி எரிக்கிறான். இந்த வேறுபாடு தற்செயலாக ஏற்பட்டதன்று என்பதே எமது கருத்து.

தென்கிழக்காசியாவை முதலில் நோக்குவோம். 2002 ஜூன் 10ஆந் திகதி கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. எல்லை கடந்த ‘ஹேஸ்’ மாசைப் பற்றிய உடன்படிக்கை அது. ‘ஹேஸ்’ என்பது தொலைவிலுள்ள மலையை மங்கச்செய்யும் மெல்லிய மூட்டத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் சாதுவான சொல். மலாய்மொழியில் இதனை ‘ஜெரெபு’ என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் ‘புகைமூட்டம்’ என்பர். பெயர் எதுவாயினும் கண்ணுக்குத் தெரிவது மூட்டமே. அதன் கீழுள்ள தீ தெரிவதில்லை. தீ வைத்த கை அறவே தெரிவதில்லை. இந்தோனேசிய அரசு தீயைக் குறிக்க வழங்கும் சொற்றொடர் இன்னும் நுட்பமானது. ‘பாக்கார்’ என்ற ஒரே அடியிலிருந்து அம்மொழியில் இரு சொற்கள் பிறக்கின்றன. ‘கெபாக்காரான்’ என்றால் தீப்பற்றுதல், ‘பெம்பாக்காரான்’ என்றால் தீவைத்தல். காட்டுத்தீக்கும் நிலத்தீக்கும் அரசாங்கம் நிலைநிறுத்தியுள்ள பெயர் முதலாவதைக் கொண்டது. ஒரு முன்னொட்டை மாற்றினால் எழுவாய் வந்து நிற்க நேரும். அது மாற்றப்படவில்லை.

இனி, எரிவது யாது எனப் பார்க்கவேண்டும். கலிமந்தானிலும் சுமாத்திராவின் கீழ்க்கரையிலும் பரந்து கிடப்பவை சதுப்புக் காடுகள். மரமும் வேரும் இலையும் நீருள் அமிழ்ந்து, முழுதும் உக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து பல மீற்றர் ஆழத்துக்குத் திரண்ட முற்றா நிலக்கரியே அங்கு நிலம். நீருள் இருக்கும்வரை அது எரியாது. 1995இல் ஜனாதிபதி சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேயர் சதுப்பை நெல்வயலாக்கும்படி ஆணையிட்டார். காடு வெட்டப்பட்டது. 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்தது, நெல் விளையவில்லை. 1997இல் எல்நினோ வறட்சி வந்தபோது உலர்ந்து கிடந்த அந்நிலம் தீப்பிடித்து, மேலே அணைந்த பின்பும் மண்ணுக்கடியில் மாதக்கணக்காகப் புகைந்தது. அவ்வாண்டில் இந்தோனேசியச் சதுப்புகளிலிருந்து வெளியேறிய கரியின் அளவு, உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து வெளியிடும் அளவின் 13 முதல் 40 வீதம் வரை இருக்கலாம் என 2002இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பழி எல்நினோ மீது போடப்பட்டது. எல்நினோ மழையைப் பிந்தச்செய்யும். அது கால்வாய் வெட்டுவதில்லை.

நெல்லுக்கென வெட்டிய நிலம் ஒருபுறமிருக்க, காகிதக்கூழுக்கான மரத்தோட்டங்களுக்கும் எண்ணெய்ப்பனைக்கும் அழிக்கப்பட்ட காடு மிகப் பெரிது. (மலேசியத் தமிழர் இப்பனையைச் செம்பனை என்பர், நம் நாட்டில் அது முள்ளுத்தேங்காய்.) வெட்டிய காட்டை அகற்ற நெருப்பைவிட மலிவான வேலையாள் இல்லை. சாம்பல் புளித்த மண்ணின் புளிப்பையும் குறைத்துக் கொடுக்கும். எரிக்காமலே மறுநடுகை செய்யலாம் என்பதை மலேசியத் தோட்டங்களே செய்துகாட்டியிருக்கின்றன. ஆனால் அதற்குச் செலவு அதிகம். இலாபக் கணக்கில் அச்செலவைச் சேர்ப்பதிலும் பார்க்க, அதனை அயலவரின் நுரையீரலில் எழுதிவிடுவது எளிது. அந்த அயலவருள் இந்தோனேசியத் தோட்டங்களிற் பணம் போட்ட மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளும் உளர் என்பதை நாம் மறக்கலாகாது. புகை எல்லை கடந்து வந்ததாக முறையிடும் தலைநகரங்களுக்கு இலாபமும் அதே எல்லையைக் கடந்தே வருகின்றது.

சிறு விவசாயிகளும் எரிக்கிறார்கள் அல்லவா எனச் சிலர் கேட்பர். எரிக்கிறார்கள், அதனை மறைப்பது நேர்மையாகாது. சொந்தமாகச் சில ஹெக்டேயர் உடையவனும் நெருப்பையே நம்புகிறான். கம்பனிகள் இவ்வுண்மையையே கேடயமாகப் பிடிக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஈரச் சதுப்பில் தலைமுறை தலைமுறையாகச் சிறு நெருப்பு வைத்தவன் நாடுகளை மூடும் புகையை உண்டாக்கவில்லை. கால்வாய் வெட்டி நிலத்தை உலர்த்திய பின்னரே அவனது தீயும் பெருந்தீயானது.

சொல்லை மென்மையாக்குவது முதற்படி எனில், சொல்லையே தடைசெய்வது அடுத்த படி. 1997 செப்டெம்பரில் சரவாக்கின் தலைநகரான கூச்சிங்கில் காற்றுமாசுச் சுட்டெண் 839 வரை ஏறி, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே, புகையைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசலாகாது என மலேசியப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கல்வியமைச்சு வாய்ப்பூட்டுப் போட்டது. உல்லாசப் பிரயாணிகள் வராது போய்விடுவர் என்பது காரணம். பின்னர் சுட்டெண்ணே பல ஆண்டுகள் அரச இரகசியமாக்கப்பட்டு, 2005 ஒகஸ்டில் கிள்ளான் துறைமுகம் மூச்சுத்திணறிய வேளையிலேதான் மீண்டும் வெளியிடப்பட்டது. குடிமகன் தான் சுவாசிக்கும் காற்றின் அளவை அறிய உரிமையற்றிருந்தான்! 2015இல் இந்தோனேசியாவில் 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. உலகவங்கி கணக்கிட்ட நட்டம் 1,600 கோடி அமெரிக்க டொலர். ஹார்வார்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அகாலமாக மரித்திருக்கலாம் என 2016இல் மதிப்பிட்டனர். அதனை அதிகாரிகள் மறுத்தனர். அரசாங்கத்தின் மரணக் கணக்கு இருபதை ஒட்டி நின்றது. அதே 2015இன் தொடக்கத்தில், உப ஜனாதிபதி யூசுப் கல்லா, ஆண்டில் பதினொரு மாதம் இந்தோனேசியா தரும் நல்ல காற்றுக்கு அயலார் நன்றி சொன்னதில்லையே எனக் குறைப்பட்டிருந்தார். காட்டின் சொந்தக்காரர் காற்றுக்கும் விலை பேசுவது வியப்பன்று.

இப்போது பஞ்சாப்புக்கு வருவோம். இங்கே சொற்கள் திடீரெனக் கூர்மை பெற்றுவிடுகின்றன. ஒக்டோபர் முடிவிலும் நவம்பரிலும் டில்லி இருளும்போது, ‘அரிதாள் எரிப்பு’ என்ற தொடரில் வினையும் உண்டு, வினை செய்தவனும் உளன். அவனுடைய பெயரை நிலப்பதிவேட்டிலே சிவப்புக் குறிப்பாக எழுதும் ஏற்பாடும் உண்டு. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிக்கப்பட்டது: இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவனுக்கு 5,000 ரூபா, ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவனுக்கு 30,000 ரூபா. அதே ஆண்டில் ஹரியானா அரசு, எரித்தவர் தம் விளைச்சலை இரு போகங்களுக்குச் சந்தையில் விற்கவும் தடை விதித்தது.

அவன் ஏன் எரிக்கிறான் என்பதைச் சிலரே வினவுகின்றனர். நெல் பஞ்சாப்பின் பழம்பயிர் அன்று. அறுபதுகளிலிருந்து பசுமைப் புரட்சியும் அரசாங்கக் கொள்முதல் விலையும் பின்னர் இலவச மின்சாரமும் நெல்லையும் கோதுமையையும் அடுத்தடுத்து விளைவிக்க அவனைப் பழக்கின. நிலத்தடி நீர் வற்றியது. அதனைக் காக்க 2009இல் இயற்றப்பட்ட சட்டம் ஜூன் 10க்கு முன் நாற்று நடுவதைத் தடுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் நடுகை பிந்த அறுவடையும் பிந்தி, அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று கிழமைகளே எஞ்சின. அதுவோ காற்று ஓய்ந்து குளிர்ந்து நிலத்தோடு படியும் பருவம். அறுவடை இயந்திரம் கதிரை அள்ளிக்கொண்டு தாளை நிறுத்திவிட்டுப் போகிறது. சிலிக்கா மிகுந்த அந்த வைக்கோலை மாடும் விரும்பாது. தாளோடு சேர்த்து விதைக்கும் இயந்திரம் உண்டு, மானியமும் உண்டு. எனினும் கடனாளிக்கு அது எட்டாத பொருள். தீக்குச்சி எட்டும். எரிக்காத சிறு விவசாயிக்குக் குவின்டாலுக்கு 100 ரூபா கொடுக்கும்படி 2019 நவம்பரில் இந்திய உச்சநீதிமன்றமே சொல்லவேண்டியிருந்தது.

அவன் புகை தீங்கற்றது என நாம் வாதிடவில்லை. டில்லியின் தெருவோரத்தில் உறங்குபவனும் ரிக்‌ஷா மிதிப்பவனும் அதனைச் சுவாசித்தே நோயுறுகின்றனர். வீட்டினுள் காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர் வேறு வர்க்கத்தார். சில நாட்களில் நகரின் நுண்துகள் மாசில் மூன்றிலொரு பங்கு வயல்வெளியிலிருந்து வருவதும் உண்மை. ஆனால் வயல்தீ அணைந்த பின்பு, டிசம்பரிலும் ஜனவரியிலும், டில்லி மூச்சுத்திணறுவது எதனால்? மோட்டார் வாகனமும் அனல்மின் நிலையமும் ஆலையும் கட்டட வேலையும் ஆண்டு முழுவதும் எரித்தும் புழுதி கிளப்பியும் வருகின்றன. அவை பற்றிய வாக்கியங்களில் மீண்டும் தன்வினை வந்துவிடுகிறது: காற்றின் தரம் ‘மோசமடைகிறது’.

இந்த இலக்கணம் புதியதன்று. டில்லியின் தொன்மக் கதையிலேயே அது இருக்கிறது. இந்திரப்பிரத்தத்தை அடுத்திருந்த காண்டவ வனத்தை எரித்த கதையை வில்லிபாரதமும் காண்டவ தகனச் சருக்கமாகப் பாடுகிறது. அக்கினி பசியோடு அந்தணனாய் வந்து கேட்கிறான். கண்ணனும் அருச்சுனனும் காட்டைச் சூழ்ந்து நின்று, உள்ளிருந்த நாகரும் விலங்கும் பறவையும் தப்பாதவாறு காக்கின்றனர். உண்டவன் தெய்வம், நிலம் பெற்றவர் அரசர். தெய்வத்தின் பசியை எழுவாயாக்கி அரசரின் நிலத்தேவையை மறைத்த இக்கதையின் முகமூடியை ஐராவதி கார்வே தமது ‘யுகாந்தா’வில் அகற்றிக் காட்டினார். நம் பண்டிதர்கள் இன்னும் அச்சருக்கத்தின் அணியழகையே சொல்லிக்கொண்டிருக்கின்றனர். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் நிலை வேறு. அங்கே கானவன் புனத்தைச் சுட்டுத் தினை விதைக்கிறான், அகிற்புகை எழுகிறது, எரித்தவன் யார், எதற்காக என்பதில் ஐயமே இல்லை. மறைக்கவேண்டிய உடைமை அவனிடம் இருக்கவில்லை.

நமது நாட்டிலும் இதே அகராதி வழங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் கண்டிப் பிரதேசத்துச் சேனையையும் முடிக்குரியதாக்கியது. கிராமத்தான் காடு வெட்டிச் சுட்டால் அது ‘அழிவு’. அதே மலைகளைக் கோப்பிக்காகத் துரைமார் மொட்டையடித்துக் கொளுத்தியபோது அவர்கள் வழங்கிய சொல் தோட்டம் ‘திறத்தல்’. அத்தோட்டங்களுக்குக் கடல்கடந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியின் சகோதரர்களே மலாயாவின் றப்பர்க் காடுகளுக்கும், அவற்றின் வழி செம்பனைக்கும் சென்றனர். அண்மையில், 2022 டிசம்பர் 9ஆந் திகதி, மாசு மிகுந்து நமது பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் பத்திரிகைகள் எழுதியதும் இதுவே: இந்தியாவிலிருந்து காற்று மாசைக் ‘கொண்டுவந்தது’. காற்று சுமைகூலி, சுமையை ஏற்றியவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எழுவாயை மீட்டெழுதிய முயற்சி ஒன்றை நான் கண்டது கவிதையிலன்று, ஒரு வழக்கு மனுவில். 2015இன் புகைக்குப் பின், மத்திய கலிமந்தானின் பலங்கராயா நகரத்துக் குடிமக்கள் சிலர் 2016இல் நீதிமன்றம் சென்றனர். பிரதிவாதிகளாக அவர்கள் பெயரிட்டது எல்நினோவையன்று. ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் மாகாண ஆளுநரையும். 2017இல் கீழ்நீதிமன்றத்தில் வென்றனர்; 2019இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அரசாங்கம் மறுபரிசீலனை கோரியது. 2022 நவம்பரில் அதே உச்சநீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்றுத் தீர்ப்பை மாற்றிவிட்டது.