டெல்லித் தண்ணீர் ஆய்வு: நிறுவியது எவ்வளவு?

2010 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஆய்வாளர்கள் புது டெல்லியின் மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளையும், தெருக்களில் தேங்கிக் கிடந்த கசிவு நீரின் 171 மாதிரிகளையும் எடுத்தார்கள். தேடியது என்டிஎம்-1 என்ற மரபணுவை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியை உருவாக்குவது இந்த மரபணுதான். கசிவு நீரில் 51 மாதிரிகளிலும் குழாய் நீரில் இரண்டிலும் அது இருந்தது. 2011 ஏப்ரலில் முடிவு வெளியானதும் டெல்லி நிர்வாகம் குடிநீர் பாதுகாப்பானது என்று மறுத்தது. மறுத்தவர்களிடமும் சில நியாயங்கள் இருந்தன.

ஐம்பதில் இரண்டு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. புள்ளியியல்படி உண்மை விகிதம் அரை விழுக்காடாகவும் இருக்கலாம், 13 விழுக்காட்டைத் தாண்டியும் இருக்கலாம். ஒரே ஊர், ஒரே பருவம். அந்தத் தண்ணீரைக் குடித்து நோயுற்றவர் எவரையும் ஆய்வு காட்டவில்லை. கிருமி மருத்துவமனையிலிருந்து சாக்கடைக்கு வந்ததா, ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போனதா என்பதையும் அது தீர்க்கவில்லை. குழாய் நீரால் தொற்று பரவியது என்று இதை வைத்து யாராவது சொன்னால், அது மிகை.

கசிவு நீரின் கணக்கு அப்படியல்ல. 171இல் 51 என்பதைத் தற்செயல் என்று தள்ள வழியில்லை. ஒப்பீட்டுக்காக பிரிட்டனின் கார்டிஃப் கழிவுநீர் நிலையத்தில் எடுத்த 70 மாதிரிகளில் ஒன்றில்கூட இந்த மரபணு இல்லை. மரபணுவின் தடயத்தோடு ஆய்வாளர்கள் நின்றுவிடவில்லை. அதைச் சுமந்த உயிருள்ள கிருமிகளையும் வளர்த்தெடுத்தார்கள். அவற்றில் காலராவையும் சீதபேதியையும் உண்டாக்கும் இனங்கள் இருந்தன. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்கு மரபணுவைக் கொண்டுசெல்லும் பிளாஸ்மிட் 25, 37 டிகிரிகளைவிட 30 டிகிரியில் வேகமாகத் தாவியது. டெல்லியில் ஆண்டின் பல மாதங்கள் நிலவும் வெப்பம் அது. மேலும், நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் குழாயில் அழுத்தம் விழும்போது விரிசல் வழியே வெளிக் கசிவு உள்ளே புகும். அந்த இரண்டு குழாய்களைத் தெருவின் தேக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இதற்கு முந்தைய 2010 ஆய்வை நான் வேறாக எடைபோடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை அது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்ததை அது காட்டியது. அந்தத் தரவு இன்றும் நிற்கிறது. ஆனால் செலவைக் குறைக்க பிரிட்டிஷ் நோயாளிகள் இந்தியாவில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் யோசனையைக் கண்டித்த பகுதி, தரவு தாங்கும் எடையைத் தாண்டியது. பிரிட்டனின் 29 நோயாளிகளில் 17 பேருக்கு இந்தியா அல்லது பாகிஸ்தான் பயணம் இருந்தது உண்மைதான்; இந்திய மருத்துவமனையில் சேரும் ஒருவருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. அந்த வரிகள் கிளப்பிய கோபம் அடுத்து வந்த தண்ணீர் ஆய்வையும் சேர்த்து மூழ்கடித்தது என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு மருத்துவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் அதன் தரவு முதன்மையாகப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வருகிறது. பல இடங்களில் ஆன்டிபயாடிக் எடுத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர்களின் எண்கள் அவை. ஊரின் நிலையை அவற்றால் சொல்ல முடியாது. தண்ணீருக்கு அதே ஒழுங்கோடு கணக்கு இல்லை; அளக்கக் காரணமோ முன்பே இருந்தது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பிறகும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை 2007இலேயே ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு உச்சவரம்பு வைக்கும் வரைவு விதி 2020இல் வந்தது. 2021இல் வெளியான இறுதி விதியில் அந்த வரம்பு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: டெல்லி ஆய்வு நோயை நிறுவவில்லை, தேட வேண்டிய இடத்தை நிறுவியது. அதை மறுக்க ஒரே வழி, அதைவிடப் பெரிதாக அளப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘டிரைசைக்கிள்’ முறை மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஒரே வகை ஈ.கோலை என்ற குடல் கிருமியை ஒரே விதமாக எண்ணுகிறது. ஒவ்வொரு பெருநகரிலும் மருத்துவமனைக் கழிவு வாய், சாக்கடை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் பருவத்துக்கொருமுறை அப்படி எண்ணி, மருத்துவமனை வார்டுகளில் எடுத்த கிருமிகளின் மரபணு வரிசையோடு ஒப்பிட்டு, முடிவைப் பொதுவில் வைத்தால் போதும். கிருமி எந்தத் திசையில் போனது என்ற கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.