ஆயிரம் ரூபாய் எந்த வகுப்பில் தொடங்க வேண்டும்?

வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் பக்கத்துப் பீடி வீடுகளில் இலை வெட்டுவதும் சுற்றுவதும் அம்மாவின் வேலை. நூல் கட்டவும் தலை மடிக்கவும் பிள்ளைகள் உட்காருவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால், கூடுதலாக ஒரு கை சேர்ந்தால் அந்த வாரமே காசு தெரியும். புதுமைப்பெண் திட்டத்தை இந்தத் திண்ணையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் மாதம் ₹1000 அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய திட்டம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்குப் பணமும் தங்கமும் கொடுத்தார்கள்; அதையே படிப்புக்கு மாற்றியது மிகப் பெரிய முடிவு. பழைய திட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. பத்தாவதுவரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காகவே சில வீடுகள் பெண்ணைப் பத்துவரை அனுப்பின.

குறை, பணம் வரும் இடத்தில் இருக்கிறது. இலவச சைக்கிள் பதினொன்றில். இடைநிற்றலைத் தடுக்க 2011-12இல் வந்த சிறப்பு ஊக்கத்தொகை ₹5000 கைக்குக் கிடைப்பது பன்னிரண்டு முடித்த பிறகு. புதுமைப்பெண் அதற்கும் அப்பால். படிப்பு அறுந்துபோவதோ ஒன்பதிலும் பத்திலும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை அந்த வகுப்புகளிலும் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை, அடையாள அட்டை உள்ள வீட்டுக்கு மட்டும்.

இன்னொன்று, எனக்கு மனம் ஆறாதது. ஏழாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்து, வீடு நொடித்ததால் எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு வந்த பெண்ணுக்கு இந்த ஆயிரம் கிடையாது. கைதூக்கிவிட வேண்டிய பிள்ளை அவள்தான்.

பையன்களுக்கு இதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. தமிழ்நாட்டில் உயர்நிலை வகுப்புகளில் அதிகம் நின்றுபோவது பையன்களே. குற்றாலத்தில் அருவி சீசன் களைகட்டுவது பள்ளி திறந்த கையோடு. பழக்கடையில் நின்றால் அன்றாடம் சம்பளம். சில வருடம் கழித்து வரப்போகும் ஆயிரம் அந்தச் சம்பளத்தோடு போட்டியிட முடியாது.

பத்தாவதில் தவறியவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீடு தேடிப் போய் விண்ணப்பம் போடவைத்து, தேர்வுவரை கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆசிரியரின் தனிப்பட்ட அக்கறையை நம்பியே இது ஓடுகிறது.

கல்லூரிக்குத் தரும் ஆயிரத்தில் கைவைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஐந்நூறாவது மாதந்தோறும் கொடுங்கள். பீடியும் சீசனும் பிள்ளைகளை இழுக்கும் தென்காசி மாவட்டத்திலேயே அதைத் தொடங்குங்கள்.