கொடுங்கோலன் கோமாளியானமை: துக்ளக் குறித்த பதிவுகளும் தமிழ் வழக்கும்

தமிழில் ‘துக்ளக்’ என்னும் பெயர் ஓர் அரசனைக் காட்டிலும் ஓர் இயல்பையே குறிக்கின்றது. முன்யோசனையின்றி ஆணையிட்டு, மறுநாளே அதனைத் திரும்பப் பெறும் ஆட்சியைத் ‘துக்ளக் தர்பார்’ என்பர். 1325 முதல் 1351 வரை தில்லியை ஆண்ட முகமது பின் துக்ளக்கை அவன் காலத்தவர் கண்டு அஞ்சினர், நகைத்தாரில்லை. அச்சம் நகைப்பாக மாறியபோது விடுபட்டது யாது என்பதே இங்கு வினவத்தக்கது.

தலைநகர் மாற்றம் குறித்துப் பெரிதும் எடுத்தாளப்படுவது இப்னு பதூதா கூறும் பார்வையற்றவன் கதை. தில்லியை விட்டு நீங்காத அவனைத் தௌலதாபாத் வரை இழுத்துச் செல்லுமாறு அரசன் ஆணையிட்டான் என்றும், கால் ஒன்றே போய்ச் சேர்ந்தது என்றும் அது கூறும். நகர் மாற்றம் நிகழ்ந்தது 1327இல். பதூதா இந்தியா வந்தது 1333இல். ஆகவே இது செவிவழிச் செய்தியே. மேலும், தில்லியை அடுத்த ஊர்களில் கிடைத்த 1327, 1328ஆம் ஆண்டுகளின் வடமொழிக் கல்வெட்டுகள் இந்துக்கள் கிணறு வெட்டுவித்ததைக் குறிப்பதால், நகரம் முற்றும் பாழாயிற்று என்பதும் மிகையே. 1350இல் இசாமி எழுதிய காவியமோ துக்ளக்கை எதிர்த்துப் பிரிந்த பாமினி அரசின் நிழலில் பிறந்தது. அதில் பகையுணர்வு உண்டு. ஆயினும் தௌலதாபாத் செல்லும் வழியில் உயிர்நீத்த முதிய பாட்டனாரின் நினைவும் அதில் உண்டு என்பதை மறத்தலாகாது. கதை மிகை என்பதால் கொடுமையும் மிகை ஆகிவிடாது.

இவர்களினும் கூர்ந்து நோக்கத்தக்கவர் பரணி. பதினேழு ஆண்டுகள் அரசனுக்கு அணுக்கராயிருந்த இவர், தாமும் தம்மை ஒத்தோரும் பொருளாசையாலும் உயிரச்சத்தாலும் உண்மையை எடுத்துரைக்காது வாளாவிருந்ததைத் தம் வரலாற்று நூலில் ஒப்புக்கொள்கின்றார். கொடுமை அரசன் ஒருவனது மனக்கோளாறன்று, அவையோரது உடன்பாட்டாலும் நடந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

சோ 1968இல் மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில் துக்ளக்கும் பதூதாவும் கல்லறையிலிருந்து எழுந்தவர்களாக வந்து தோன்றுகின்றனர். பிரதமராகும் துக்ளக், மொழிச்சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகின்றான். கட்சி மாறி வந்தோர் அனைவருக்கும் துணைப் பிரதமர் பதவி வழங்குகின்றான். இந்நாடகத்தை வெறும் கோமாளிக் கூத்தெனக் கொள்வது பொருந்தாது. அதன் கேலி அரசனைவிட, பதவிக்காகத் தலையசைப்போரையே மிகுதியும் தாக்குகின்றது. அவ்வகையில் அது பரணிக்கு அணுக்கமானது. 1970இல் இதழுக்கும் 1971இல் திரைப்படத்திற்கும் பெயராகி வழக்கில் வேரூன்றியபின், அவையோர் மறைந்தனர். கிறுக்கன் ஒருவன் மட்டுமே எஞ்சினான். கிறுக்கனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவனுக்குப் பணிந்தவரிடமும் கேட்பதில்லை.

நாடகத்தில் பதூதா துக்ளக்கின் உற்ற துணைவர். அவரது பயண நூலிலோ நிலை வேறு. அரசனைக் கொடுங்கோலன் எனக் கூறிய ஷிகாபுதீன் என்னும் ஞானியைச் சென்று கண்ட குற்றத்திற்காக நான்கு அடிமைகளின் காவலில் வைக்கப்பட்டு, உயிருக்கு அஞ்சி நோன்பிருந்தவர் அவர். ஞானி கொல்லப்பட்டார். பதூதா தப்பினார், பின்னர்த் தம் உடைமைகளைத் துறந்து, சிலகாலம் அரசவையை விட்டு நீங்கியிருந்தார்.