கெடுவும் வாக்கும்

போர் நடவடிக்கைக்கு மேடையில் கெடு சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும் கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது. கெடு தப்பினால் சொன்னவரை மடக்கலாம். ஆனால் கெடு சொன்னவர் அதைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்வார் என்பதை வன்னி பட்டு அறிந்திருக்கிறது.

1997 மே 13 அன்று இலங்கை இராணுவம் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையின் நோக்கம், வவுனியாவிலிருந்து கண்டி வீதியைப் பிடித்துக்கொண்டு போய்க் கிளிநொச்சிப் படைத்தளத்தோடு இணைவது. யாழ்ப்பாணத்துக்குக் கடலும் வானுமே வழி என்றிருந்த காலம். தரைப்பாதை தேவை என்பதில் பொய்யில்லை. ஓமந்தை விரைவில் விழுந்தது. புளியங்குளம் மாதக்கணக்கில் மறித்தது. ஜூன் 10 அன்று புலிகள் முன்னேறிய படைக்குப் பின்னால், தாண்டிக்குளத்தில் வந்து அடித்தார்கள். களம் இப்படி இழுபட்டுக்கொண்டிருக்க, பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தை 1998 பெப்ரவரி 4க்குள், சுதந்திரப் பொன்விழாவுக்குள், பாதை திறக்கும் என்றார்.

எந்த வீதியால் படை வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த கதை. இப்போது எந்த நாளுக்கு முன் வந்தாக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. ஜனவரி 25இல் கண்டி தலதா மாளிகையைப் புலிகள் தாக்கினார்கள். அங்கு நடக்கவிருந்த விழா கொழும்புக்கு மாறியது. பெப்ரவரி 1இல் கிளிநொச்சி தாக்கப்பட்டது. எல்லாப் பழியையும் அமைச்சரின் பேச்சில் போட முடியாது. சுதந்திர தினம் நாட்காட்டியிலேயே இருக்கிறது, புலிகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விழாவையும் களத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் அவர்தான். அதன்பின் நடவடிக்கையை இடையில் நிறுத்துவது இராணுவ முடிவாக இருக்காது, அரசியல் தோல்வியாகிவிடும். ஜூனில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. கணக்குக் கேட்கலாம் என்ற நியாயம் அத்தோடு போயிற்று. செப்டெம்பர் இறுதியில் மாங்குளத்தைப் படை பிடித்தபோது, போய்ச் சேரவேண்டிய கிளிநொச்சியே கைவிட்டுப் போயிருந்தது. டிசம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. பிடித்த நிலத்தின் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் பறிபோனது.

கெடு படையை இப்படிக் கட்டியது. சனத்துக்குக் கொடுத்த வாக்கு அப்படிக் கட்டியதா?

போரின் இறுதி மாதங்களில், 2009 ஜனவரியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் அரசு பாதுகாப்பு வலயம் அறிவித்தது. பெப்ரவரியில் அது புதுமாத்தளன் கரைக்கு மாறியது. அறிவிப்பை நம்பிச் சனம் அங்கே போனது. புலிகள் அந்தச் சனத்தை வெளியேற விடாமல் மறித்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். அது தனிக் குற்றம். ஏப்ரல் 27 அன்று கனரக ஆயுதங்களை நிறுத்துமாறு படைக்கு உத்தரவிட்டதாகக் கொழும்பு அறிவித்தது. அன்று காலை மெரினாவில் உண்ணாவிரதம் இருந்த தமிழக முதல்வர் கருணாநிதி, அதை ஏற்றுச் சில மணி நேரத்தில் எழுந்துவிட்டார். புதுடில்லிக்கும் சென்னைக்கும் அந்த அறிவிப்பு போதுமாயிருந்தது. பங்கருக்குள் இருந்தவர்களுக்கு ஷெல் நிற்கவில்லை. அடுத்தடுத்து அறிவித்த மூன்று வலயங்களிலும் அரசுப் படை பெருமளவில் ஷெல் அடித்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. இன்றுவரை அந்த அறிவிப்புகளுக்காக ஒருவரும் நீதிமன்றத்தில் பதில் சொல்லவில்லை.