வழிநூலும் கைத்திரையும்

ஒரு கலைப்படைப்பு ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்கு மாறுங்கால் அதன்கண் நிகழும் ஆக்கமும் அழிவும் யாவை என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலின்கண் நூலை முதல், வழி என இரண்டாக வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுத்தார். வழிநூலாசிரியன் வெறுமனே படியெடுப்போன் அல்லன். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதனை வேறோர் வடிவில் அமைப்பது எனத் தேர்ந்து துணியும் பொறுப்பு அவனுக்குண்டு. கணினிக்கும் தொலைக்காட்சியோடு இணையும் விளையாட்டுக் கருவிக்கும் என ஆக்கப்பெற்ற அதிரடி விளையாட்டுகளைக் கையடக்கத் தொலைபேசிக்கு மாற்றியமைத்து வெளியிடும் பணியும் இத்தகைய வழிநூற் பணியே என்பதும், அதனை அந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

‘விளையாட்டுக்குத் திறனாய்வு எதற்கு?’ என வினவுவார் உளர். நாடகமும் திரைப்படமும் ஒரு காலத்தில் இவ்வினாவை எதிர்கொண்டனவே. அன்றியும், யட்டியாந்தோட்டை போன்ற தோட்டப்புறங்களில் ஆசிரியத் தொழில் புரியும் யாம் ஒன்றை மறத்தல் இயலாது. எம் மாணவருட் பெரும்பாலார் வீட்டில் மேசைக் கணினி இல்லை. விளையாட்டுக்கென்றே அமைந்த கருவியை அவர் கடைக் கண்ணாடிக்கு அப்பாலும் கண்டிலர். குடும்பத்துக்கு ஒன்றாக உள்ள விலை குறைந்த அன்ட்ரொயிட் தொலைபேசியே அவர்க்குப் பாடநூல், கடிதம், திரையரங்கு, விளையாட்டு மைதானம் அனைத்துமாய் இருக்கின்றது. மேலைநாட்டு விமரிசகர் தொலைபேசிப் பதிப்பை மூலத்தின் நிழல் எனக் கருதி, ‘கையடக்கக் கருவிக்கு இவ்வளவு போதும்’ எனச் சலுகை காட்டுதல் உண்டு. மூலமும் கையிலுடையார்க்கு அச்சலுகை தீங்கு செய்யாது. வழிநூல் ஒன்றே கிடைக்கப்பெறுவார்க்கு அவ்வழிநூலே முதனூல். கம்பனை மட்டும் கற்று வான்மீகியைக் கல்லாதானை நோக்கி, ‘நீ கற்றது இராமகதையன்று’ எனக் கூறுவார் நம்மிடை இலர். ஆகவே எம் மாணவர் கையில் வந்து சேரும் பதிப்புக்குக் குறைந்த அளவுகோல் கொள்ளுதல் முறையாகாது.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? அதிரடி விளையாட்டின் சுவை கதையில் மட்டும் தங்குவதன்று; ஆடுவோன் கையில் தங்குவது. பகைவன் ஓங்கிய வாள் விழுமுன் விலகுதல், விலகியவுடன் தாக்குதல் ஆகிய கணநேரச் செயல்களினாலேயே அச்சம் பெருமிதமாக மாறுகின்றது. மெய்ப்பாட்டியலார் கூறும் இவ்விரண்டும் இங்கு ஒரு செக்கனின் சிறு கூற்றுக்குள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. இதன்கண் தோல்வியும் சுவையின் ஓர் உறுப்பு. ‘யான் பொறுத்திருந்து விலகியிருத்தல் வேண்டும்’ என ஆடுவோன் உணர்வானாயின் அவன் மீண்டும் முயல்வான். ‘யான் அழுத்தினேன்; கருவி ஏற்கவில்லை’ என உணர்வானாயின் பெருமிதம் தோன்றவேண்டிய இடத்தில் வெகுளி தோன்றும். எனவே, ‘இத்தோல்வி யாருடையது?’ என்னும் வினாவுக்கு ஆடுவோன் ‘என்னுடையது’ என நேர்மையாக விடையிறுக்க இயலுமாயின் கருவிமாற்றம் வென்றது; இயலாதாயின், படங்கள் எத்துணை அழகியவாயினும் அது தோற்றது.

இவ்வெற்றி எளிதன்று. கைப்பிடிக் கருவியிலே இரு நெம்புகளும் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் உள. விரல் அவற்றின் மேடுபள்ளத்தை உணர்வதால் கண் திரையைவிட்டு அகலவேண்டுவதில்லை. தொடுதிரையோ மொழுமொழுவென்றிருப்பது, பொத்தான் இருக்குமிடத்தை விரல் அறியாது. மேலும், காணும் தளமும் தொடும் தளமும் ஒன்றேயாதலின் ஆடுவோனுடைய பெருவிரல்களே அவன் காணவேண்டிய பகைவனை மறைத்துவிடும். செக்கனுக்கு 60 சட்டகம் காட்டும் விளையாட்டில் ஒரு சட்டகத்துக்குரிய காலம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன், 30 சட்டகமாகக் குறையின் அது 33.3 மில்லிசெக்கனாகும். தொலைபேசியிற் குளிர்விசிறி இல்லை. நெடுநேரம் ஆடுங்கால் முறைவழியாக்கி வெப்பமுற்றுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது சட்டகம் தவறும். சட்டகம் தவறின் விலகவேண்டிய கணமும் தவறும். இடையிலே தொலைபேசி அழைப்பு வருதல், மின்கலம் தீர்தல், திரையின் நீள அகலம் கருவிதோறும் வேறுபடுதல் ஆகியனவும் உள. இவற்றையெல்லாம் எண்ணாது நிரலை மட்டும் பெயர்த்துத் தருவோன், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பொருளை இழப்போனை ஒப்பான்.

இடர்களை எதிர்கொண்ட முறைகளைச் சில சான்றுகளாற் காண்போம். பிரான்சின் போர்தோ நகரில் தொழிலாளர் கூட்டுறவாக இயங்கிய மோஷன் ட்வின் என்னும் சிறு நிறுவனம் 2018இல் ‘டெட் செல்ஸ்’ என்னும் விளையாட்டை முழுமையாக வெளியிட்டது. அதனைத் தொலைபேசிக்கு மாற்றும் பணியைப் பிளேடிஜியஸ் என்னும் மற்றொரு பிரெஞ்சு நிறுவனம் ஏற்றது. 2019 ஓகத்தில் அப்பிள் கருவிகளுக்கும் 2020 யூனில் அன்ட்ரொயிட் கருவிகளுக்கும் அது வெளிவந்தது. முதனூலாசிரியர் வேறு, வழிநூலாசிரியர் வேறு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பொத்தான்களை ஆடுவோன் விரும்பிய இடத்துக்கு நகர்த்தவும் பருமன் மாற்றவும் வழிசெய்தனர். பகைவன் அண்மையில் நிற்பின் வீரன் தானே தாக்கும் முறை ஒன்றையும் சேர்த்தனர். தாக்குதலையே கருவிக்கு விட்டுவிட்டால் அதிரடி விளையாட்டில் எஞ்சுவது யாது எனச் சிலர் இகழக்கூடும். ஆயின் அவ்விளையாட்டின் உயிர்நிலை அடிப்பதைவிட விலகுவதிலேயே மிகுதியும் உளது. எப்போது உருண்டு தப்புவது, எந்தப் படைக்கலத்தைத் தேர்வது என்னும் துணிபுகள் ஆடுவோனிடமே விடப்பட்டன. ஆகவே தோல்வி இன்னும் அவனுடையதே. அம்முறையை வேண்டாதார் விலக்கிக்கொள்ளலாம் என்பதும் போற்றத்தக்கது. எனினும், நேரம் பார்த்து ஓங்கியடிக்கும் கையின்பம் தானாகத் தாக்கும் முறையிலே குறைந்தது என்பதை மறைத்தல் ஆகாது. தொகுத்தல் என்னும் வழிநூல் வகைக்கு இஃது ஏற்ற சான்று எனலாம்.

மற்றொரு நெறி, சிறிய கைக்கெனவே விளையாட்டை முதலிற் சமைத்தல். யப்பானியராகிய ஒஜிரோ புமோட்டோ 2015இல் வெளியிட்ட ‘டவுன்வெல்’, இடம், வலம், குதித்தல் என மூன்று பொத்தான்களோடு அமைந்தது. காற்றில் இருக்கும்போது குதிக்கும் பொத்தானே சுடும் பொத்தானாகவும் பயன்படும். கிணற்றுள் வீழ்ந்துகொண்டே ஆடுவதாதலின் நிமிர்த்திப் பிடித்த தொலைபேசித் திரையே அதற்கு இயல்பான வடிவம். உறுப்புகள் குறைந்தமையால் சுவை குறையவில்லை. குறளின் சுருக்கம் அதன் குறையாகாமை போல.

நம் அண்டை நாட்டுச் சான்றொன்றும் உளது. புனே நகரத்து நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய ‘ராஜி’ 2020இல் வெளிவந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்ட 2017இல் அவர் செய்த முயற்சி இலக்கை எட்டவில்லை. நிறுவனருள் ஒருவரான சுருதி கோஷ் தம் வீட்டை விற்றுப் பணியைத் தொடரச் செய்தார். அசுரரால் கவரப்பட்ட தம்பியைத் தேடிச் செல்லும் கழைக்கூத்துப் பெண் ஒருத்தியின் கதை அது. துர்க்கையும் திருமாலும் உரையாடிக் கதையை நடத்துகின்றனர். இடையிடையே தோற்பாவைக் கூத்தின் வடிவிற் காட்சிகள் வருகின்றன. அவ்வாண்டு ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவின் சிறந்த முதற்படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இந்தி மொழிக் குரலோடு கூடிய விரிவுப் பதிப்பு 2022இல் வந்தது. தொலைபேசிப் பதிப்பு நெட்பிளிக்ஸ் சந்தாதாரர்க்குரிய விளையாட்டுகளுள் ஒன்றாக வெளியாயிற்று. இவ்விளையாட்டில் காட்சிக்கோணத்தை ஆடுவோன் திருப்பவேண்டுவதில்லை. ஆசிரியரே அதனை வகுத்துவிட்டார். இதனாற் கைத்திரையில் ஒரு விரலுக்குரிய வேலை குறைகின்றது. இது கருவிமாற்றத்துக்குக் கிடைத்த பேறு. ஆயின் அதே கோணம் கோயிலையும் கோட்டையையும் பெரிதாகக் காட்டவேண்டி வீராங்கனையைத் தொலைவில் நிறுத்துகின்றது. அகன்ற திரையிற் பெருமித உணர்வை விளைக்கும் அத்தொலைவு, உள்ளங்கை அளவினதாகிய திரையில் அவளைச் சிறு புள்ளியாக்கிவிடுகின்றது. தூணைப் பற்றிச் சுழன்று தாக்கும் நுட்பம் கண்ணுக்குப் புலனாகாதாயின் தோல்வி யாருடையது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஒரே பண்பு ஒரு கருவியில் அணியாகவும் மற்றொன்றிற் குறையாகவும் ஆதலை இங்குக் காண்கின்றோம்.

ஆக்குதல் ஒன்று, வெளியிடுதல் மற்றொன்று. செயலிக் கடையில் இடம்பெற அப்பிள் நிறுவனம் ஆண்டுக்கு 99 டொலரும் கூகிள் நிறுவனம் ஒருமுறை 25 டொலரும் பெறும் வழக்கு நெடுநாளாக இருந்துவந்தது. விற்பனையில் 30 வீதம் தரகாகக் கொள்ளப்பட்டது. சிறு ஆக்கியோர்க்கு அது 2021இல் 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. ‘டெட் செல்ஸ்’ போன்ற விளையாட்டின் விலை 9 டொலருக்கு அண்மையது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்காலத்து நாணய மாற்றின்படி அவ்விலை இரண்டு நாட் கூலிக்குச் சமம்.  ஆதலின் இலவசமாக வருவதே இங்கு வந்து சேரும். இலவசம் என்பதோ பெரும்பாலும் ஆடுவோனை மறித்து மறித்து விளம்பரம் காட்டுதலும், தோற்றவனிடம் காசு கேட்டலும் ஆகும். மேற்கூறிய வினாவை இங்கும் எழுப்புக. காசு கொடுப்பின் நீங்கும் தோல்வி ஆடுவோனுடையதாகுமோ?

இவ்விடர்ப்பாட்டினிடையே ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ காட்டிய வழி பாராட்டற்குரியது. அதில் ஆடுவோன் செய்வது நடத்தல் ஒன்றே. தாக்குதல் தானே நிகழும். மூலத்திலேயே அவ்வாறாதலின் ஒரு பெருவிரலால் ஆடும் தொலைபேசிப் பதிப்பில் இழப்பு மிகச் சிறிது. அதனைப் போலச் செய்த பல விளையாட்டுகள் செயலிக் கடைகளில் மலிந்தமையால் விரைந்து வெளியிட வேண்டிய நிலை ஆக்கியோர்க்கு ஏற்பட்டது. ஆடுவோரைச் சுரண்டாத முறைக்கு உடன்படும் பங்காளர் கிடையாமையால் 2022 திசெம்பரில் தாமே அதனை இலவசமாக வெளியிட்டனர். விளம்பரத்தைக் காண்பதும் விடுவதும் ஆடுவோன் விருப்பு. வறியார் கைக்கு எட்டவும் அவர் மானம் கெடாதிருக்கவும் ஒருங்கே வழியுண்டு என்பதற்கு இது சான்று.

இறுதியாக, நிலைபேறு பற்றிய கவலை ஒன்றுண்டு. சூப்பர்ஜயன்ட் நிறுவனத்தாரின் புகழ்பெற்ற அதிரடி விளையாட்டாகிய ‘ஹேடீஸ்’ 2024 மார்ச்சில் நெட்பிளிக்ஸ் வழியாக ஐபோனுக்கு வந்தது. 2025 யூலையில் அத்தொகுதியினின்று நீக்கப்பட்டது. பதினைந்து திங்கள் அளவே அப்பதிப்பு அங்கு வாழ்ந்தது. சந்தாவால் வருவது சந்தாவோடு போகும். விலைக்கு வாங்கியதும் இயங்குதளம் புதுப்பிக்கப்படுங்கால் இயங்காது போதல் உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செல்லரித்த ஏடுகளோடு போராடினார். புள்ளியில்லா மெய்யும் குறில் நெடில் வேறுபாடு தோன்றா எழுத்தும் உடைய ஏட்டினை அச்சுக்கு மாற்றுதல் வெறும் படியெடுத்தல் ஆகவில்லை. ஒவ்வொரு வரியிலும் தேர்ந்து துணிதல் வேண்டியிருந்தது. அதுவும் ஒரு கருவிமாற்றமே. அவர்க்குச் சிதைந்த ஏடாவது எஞ்சியிருந்தது. இன்று நீக்கப்படும் விளையாட்டுக்கு அதுவும் எஞ்சுவதில்லை.

ஆதலின், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் நிரல் எழுதும் திறனோடு நிறுத்திக்கொள்ளாது, தம் கையிலுள்ள விளையாட்டை ஆராயவும் பழகுதல் வேண்டும். எதனை ஆக்கியோன் கொண்டான், எதனைத் தள்ளினான், தள்ளியதற்கு ஈடாக யாது தந்தான் என வினவுக. தோற்றபோது அத்தோல்வி தமதோ, கருவியினதோ, காசு கேட்போனதோ எனப் பிரித்தறிக. இவ்வாறு பிரித்தறியப் பயின்ற ஒருவன் நாளை தானே ஒரு விளையாட்டை ஆக்குங்கால், விலை குறைந்த தொலைபேசியை ஏந்திய தோட்டத்துச் சிறுவனையும் தன் அவையத்தாருள் ஒருவனாக எண்ணி ஆக்குவான்.